பழைய இதழ்ப் படங்களும் காலண்டர் ஓவியங்களும்: யாருக்கு உரிமை, எதுவரை?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காலண்டர் சாமிப் படங்கள், 1930களின் இதழ் அட்டைகள், பாடப்புத்தகச் சித்திரங்கள், மரக்கட்டை அச்சுகள் எல்லாம் இப்போது டைரி, துணிப்பை, சுவர்ப்படம், அழைப்பிதழ் என்று மறுபடி அச்சேறி விற்பனைக்கு வருகின்றன. மறக்கப்பட்ட ஓவியங்கள் மீண்டும் மக்கள் கண்ணில் படுவது நல்லதே. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களிடையே இரண்டு தவறான நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. “ஐம்பது வருஷம் ஆகிவிட்டால் யார் வேண்டுமானாலும் போடலாம்” என்பது ஒன்று. “இணையதளத்தில் வாட்டர்மார்க் போட்டு விற்கிறார்கள், அதனால் படம் அவர்களுக்குத்தான் சொந்தம்” என்பது இன்னொன்று. முதலாவதை நம்புகிறவர்கள் ஓவியரின் குடும்பத்துக்குச் சேர வேண்டியதைப் பறிக்கிறார்கள். இரண்டாவதை நம்புகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான சொத்துக்கு வீணாகப் பணம் கட்டுகிறார்கள். இரண்டும் நிற்க வேண்டும் என்பதால் சட்ட நிலையையும் நடைமுறையையும் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டு, 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் உள்ளது. ஓவியம், சித்திரம், செதுக்கச்சு (தகட்டில் செதுக்கி எடுத்த அச்சுப்படம்) ஆகியவற்றுக்கு அதன் 22ஆம் பிரிவு தரும் காலம்: படைத்தவரின் ஆயுள், அதன்பின் 60 ஆண்டு. அந்த 60 ஆண்டும் அவர் மறைந்த தேதியிலிருந்து தொடங்குவதில்லை, அடுத்த ஆண்டின் ஜனவரி 1இலிருந்து தொடங்குகிறது. ஆகவே படம் எப்போது அச்சானது என்பதைவிட, வரைந்தவர் எப்போது மறைந்தார் என்பதே முதல் கேள்வி. ராஜா ரவிவர்மா 1906இல் மறைந்தார். அவர் தீட்டிய படங்கள் உரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையாகி, அதாவது எல்லாருக்கும் பொதுவாகி, பல பத்தாண்டுகள் ஆகின்றன. கோவில்பட்டி சி. கொண்டையராஜு மறைந்தது 1976இல். அவர் வரைந்து வெளியான காலண்டர் படம் 1940களைச் சேர்ந்ததாக இருந்தாலும் உரிமை 2036 டிசம்பர் 31 வரை இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பழைய சாமிப் படங்கள்தாம்.

ரவிவர்மா பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. அவர் 1894இல் தொடங்கிய அச்சகம் பிறகு கைமாறி, அவர் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் அதே பெயரில் இயங்கியது. மற்ற ஓவியர்களின் படங்களையும் அச்சிட்டது. ஓரத்தில் ரவிவர்மா அச்சகத்தின் பெயர் இருப்பதால் மட்டும் அது ரவிவர்மா தீட்டியதாகிவிடாது. படத்துக்குள் இருக்கும் கையொப்பத்தைத் தேடுங்கள். இரண்டு கையொப்பங்கள் இருந்து, யார் எதை வரைந்தார் என்று பிரிக்க முடியாத கூட்டுப் படைப்பாக இருந்தால், இருவரில் கடைசியாக மறைந்தவரின் ஆண்டிலிருந்து 60 ஆண்டைக் கணக்கிட வேண்டும்.

தமிழில் மிக அதிகம் பேர் தவறும் இடம் தொடர்கதைச் சித்திரங்கள். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். அவருடைய எழுத்து 2015 ஜனவரி 1 முதல் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கக்கூடியது, நாட்டுடைமையும் ஆக்கப்பட்டது. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்த மணியம் மறைந்தது 1968இல். அந்தப் படங்களுக்கு 2028 முடியும்வரை உரிமை உண்டு. கதை பொது, படம் பொதுவல்ல. அரசு ஒரு எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கும்போது வாங்குவது அந்த எழுத்தாளரின் உரிமையைத்தான். அட்டைப்படமோ உள்ளே இருக்கும் சித்திரமோ வேறொருவர் வரைந்ததாக இருந்தால் அது அதில் அடங்காது. “நாட்டுடைமை நூலில் இருந்து எடுத்தேன்” என்று சொல்லி அட்டையைச் சுவரொட்டியாக்கி விற்பது சட்ட மீறல். இதழ் ஓவியர் கோபுலு 2015இல் மறைந்தார். அவருடைய கோடுகளுக்கு 2075 முடிவு வரை உரிமை இருக்கிறது. அவர் இளமையில் வரைந்தது என்பதால் அந்தக் கணக்கு மாறுவதில்லை.

நிழற்படத்துக்குக் கணக்கு வேறு. முன்பு 25ஆம் பிரிவின்படி நிழற்படம் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை. 2012 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிவை நீக்கி, நிழற்படத்தையும் ‘ஆயுள், பிறகு 60’ என்ற பொது விதிக்குள் கொண்டுவந்தது. அந்த நாளுக்கு முன்பே காலாவதியான உரிமைக்கு மறுபடி உயிர் கொடுக்கும் வாசகம் அந்தத் திருத்தத்தில் இல்லை. எனவே 1951 முடிவதற்குள் இந்தியாவில் வெளியான நிழற்படத்தின் உரிமை 2011 டிசம்பர் 31க்குள் தீர்ந்துவிட்டது. 1952இலோ அதற்குப் பிறகோ வெளியானது என்றால் எடுத்தவர் யார், இருக்கிறாரா, எப்போது மறைந்தார் என்று தேடியே ஆக வேண்டும். இங்கே ‘வெளியானது’ என்ற சொல் முக்கியம். ஸ்டுடியோவில் எடுத்துக் குடும்ப ஆல்பத்துக்குள் இருந்த படம் வெளியான படம் ஆகாது. இதழிலோ நூலிலோ அஞ்சலட்டையிலோ அச்சாகி மக்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பெயரே இல்லாமல், அல்லது புனைபெயரில் வெளியான சித்திரத்துக்கு 23ஆம் பிரிவு: வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 1948இல் பெயரின்றி வந்த விளம்பரச் சித்திரம் 2008 முடிவில் பொதுவானது. ஆனால் அந்த 60 ஆண்டு முடிவதற்குள் வரைந்தவர் இன்னார் என்று வெளிப்பட்டிருந்தால் கணக்கு மறுபடி அவருடைய ஆயுளுக்குத் திரும்பும். அந்தக் காலத்து ஓவியர்களின் சுருக்கக் கையொப்பங்கள் பல பிற்பாடு அடையாளம் காணப்பட்டவை. கையொப்பம் புரியவில்லை என்பதற்காக அதைப் பெயரற்ற படம் என்று எழுதிவிடக் கூடாது. அரசு வெளியீடு என்றால் 28ஆம் பிரிவின்படி வெளியான ஆண்டுக்குப் பிறகு 60.

ஆண்டைக் கண்டுபிடிப்பதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் இதழிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான ஊரும் இருக்க வேண்டும் என்றது. அதனால் கடைசிப் பக்கத்தின் அடியையும் அட்டையின் பின்புறத்தையும் முதலில் பாருங்கள். பல தமிழ் வெளியீடுகளில் ஆங்கில ஆண்டு இருக்காது, ‘பிரமாதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கும். இந்தப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்: 1879லும் பிரமாதி, 1939லும் பிரமாதி. தாள், எழுத்துரு, விலை, விளம்பரங்கள் ஆகியவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்று முடிவு செய்யலாம். அடுத்த தவறு இன்னும் நுட்பமானது. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் 1939இல் பிறந்த பிரமாதியின் தை மாத இதழ் 1940 ஜனவரியில் வந்தது. உரிமைக் கணக்கு ஆங்கில ஆண்டின்படி நடப்பதால் இந்த ஒரு வருடப் பிழை உங்களை ஓராண்டு முன்னதாகவே அச்சிட வைத்துவிடும்.

பழைய ஐரோப்பியச் செதுக்கச்சுகளில் இதைவிட எளிது. படத்தின் அடியில் இடது ஓரத்தில் ‘பின்க்ஸ்’ அல்லது ‘டெல்’ என்று முடியும் பெயர் தீட்டியவர் அல்லது வரைந்தவர். வலது ஓரத்தில் ‘ஸ்கல்ப்’ என்று முடிவது தகட்டில் செதுக்கியவர். நடுவில் வெளியிட்டவரும் தேதியும். பிரிட்டனின் 1735ஆம் ஆண்டுச் செதுக்கச்சுச் சட்டம் தகட்டிலேயே தேதியைப் பொறிக்கச் சொன்னதால்தான் அந்தக் கால ஆங்கிலப் படங்களில் நாள் மாதத்தோடு இருக்கிறது. இந்தியக் காட்சிகளைத் தீட்டிய தாமஸ் டேனியல் 1840லும் வில்லியம் டேனியல் 1837லும் மறைந்தவர்கள். மதுரை, தஞ்சைக் கோயில்களை 1858இல் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் 1902இல் மறைந்தவர். இவர்களுடைய படங்களுக்கு எந்த நாட்டிலும் உரிமைச் சிக்கல் இல்லை. அப்படியிருந்தும் இந்தப் படங்களுக்குத்தான் அதிகம் பேர் பணம் கட்டுகிறார்கள்.

கட்டுவது எதற்கு என்று புரிந்துகொண்டு கட்டினால் தவறில்லை. படக் களஞ்சிய நிறுவனங்கள் பொதுவுடைமைப் படத்தின் நல்ல கோப்பை விற்கலாம். அந்த விற்பனை அவர்களுக்கு அந்தப் படத்தின் பதிப்புரிமையைக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் 1999இல் பிரிட்ஜ்மேன் வழக்கின் தீர்ப்பு, தட்டையான பழைய ஓவியத்தை அப்படியே பிரதியெடுத்த நிழற்படத்துக்குப் புதிய உரிமை பிறக்காது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் பதிப்புரிமை நெறிமுறையில் 14ஆம் கூறாக அதையே எழுதிவைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பும் செலவும் போதாது, ஓரளவாவது படைப்புத்திறன் வேண்டும் என்றது. அந்த அளவுகோலில், ஸ்கேனர் கண்ணாடியில் தாளை வைத்துப் பொத்தானை அழுத்தியதற்கு உரிமை கோருவது வலுவற்றது.

ஆனால் ஒப்பந்தம் வேறு, பதிப்புரிமை வேறு. நூலகத்திலோ காட்சியகத்திலோ கோப்பு வாங்கும்போது ‘ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று கையெழுத்திட்டால், படம் 200 வருடப் பழசானாலும் அந்த வாக்கு உங்களைக் கட்டும். கையெழுத்திடாத மூன்றாமவரைக் கட்டாது. இத்தாலியில் காட்சியகங்கள் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தைக் கொண்டு புகழ்பெற்ற பழைய ஓவியங்களின் வணிகப் பயன்பாட்டுக்கே கட்டணம் கேட்கின்றன. அங்கே விற்கும் பொருளுக்கு அதையும் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் இடமே கொடுக்காத வழி, மூலத் தாளை நீங்களே தேடி வாங்கி நீங்களே ஸ்கேன் செய்வது. கோட்டுச் சித்திரமானால் அங்குலத்துக்கு 1200 புள்ளி வையுங்கள். 10 சென்டிமீட்டர் அகலப் படம் சுமார் 4,700 பிக்சல் தரும். அதை 300 புள்ளியில் 40 சென்டிமீட்டர் அகலம் வரை தெளிவாக அச்சிடலாம். பிளாக்கில், அதாவது சிறு புள்ளிகளாக்கிய உலோகத் தகட்டில், அச்சான நிழற்படமானால் சிக்கல் வேறு: செய்தித்தாளில் அங்குலத்துக்கு 65 முதல் 85 வரி, வழவழப்பான தாளில் 133 அல்லது 150 வரி ஸ்கிரீன் புள்ளிகள் ஏற்கெனவே தாளில் இருக்கும். அதைக் குறைந்த புள்ளியில் ஸ்கேன் செய்து ஆஃப்செட்டில் மறுபடி ஸ்கிரீன் போட்டால் இரண்டு புள்ளி வரிசைகளும் மோதி அலைஅலையாகக் கோலம் விழும். குறைந்தது 600இல் எடுத்து, ஸ்கிரீன் நீக்கும் வசதியைப் பயன்படுத்தி அல்லது மெல்ல மங்கலாக்கி, அதன் பிறகே அளவைக் குறையுங்கள். மூலக் கோப்பை டிஃப் வடிவில், கறை கிழிசலோடு, கைபடாமல் ஒரு பிரதி வையுங்கள். பிற்பாடு கேள்வி வந்தால் வேறொருவர் திருத்திய கோப்பிலிருந்து எடுக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வேறொருவர் வண்ணம் சேர்த்தோ கிழிந்த முகத்தைப் புதிதாக வரைந்தோ வைத்திருந்தால் அந்தச் சேர்க்கைக்கு அவர் உரிமை கோர இடமுண்டு. அவருடைய கோப்பைத் தொடாதீர்கள். நூறு ஆண்டைக் கடந்த மூல ஓவியத்தை ஸ்கேன் செய்வதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனையும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாரின் ஏற்றுமதியைத் தடுக்கிறது.

மூலம் கிடைக்காதவர்கள் திறந்த களஞ்சியங்களை நாடலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும் ஸ்மித்சோனியன் 2020இலும் லட்சக்கணக்கான படங்களை சிசி-ஜீரோ முத்திரையுடன் வெளியிட்டன. விற்பனைப் பொருளிலும் போடலாம், அனுமதி தேவையில்லை. உரிமத்தில் ‘என்சி’ என்ற எழுத்துகள் இருந்தால் வணிகப் பயன்பாடு கிடையாது. ‘அறியப்பட்ட பதிப்புரிமைத் தடை இல்லை’ என்ற வாசகம் உத்தரவாதமல்ல. மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ் இணைய நூலகத்திலும் ரோஜா முத்தையா நூலகத்திலும் படிக்கக் கிடைப்பதாலேயே விற்கும் உரிமை வந்துவிடுவதில்லை.

உரிமை இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால் யாரிடம் கேட்பது? இதழ் உரிமையாளரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். 17ஆம் பிரிவின்படி, இதழில் வேலை பார்த்த ஓவியர் வரைந்ததை இதழ்களில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கு; வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் குவளை, சட்டை, சுவர்ப்படம் போன்ற மற்ற எல்லாவற்றுக்கும் உரிமை ஓவியருக்கே, அவருக்குப் பின் வாரிசுகளுக்கே. காலண்டருக்காகக் கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியமானால் நிலைமை நேர்மாறு, சொன்னவருக்கே முதல் உரிமை. 1995 மே 10 முதல் எழுதிய உரிமை மாற்றுக் கடிதங்களில் காலம் குறிப்பிடாமல் இருந்தால் 19ஆம் பிரிவு அதை 5 ஆண்டு என்றே கொள்ளும். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதற்கு முந்தைய கடிதங்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஆக, “என் தாத்தா அந்தப் படங்களை விலைக்கு வாங்கிவிட்டார்” என்று சொல்கிறவரிடம் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது முரட்டுத்தனமல்ல. அனுமதிக் கடிதத்தில் எந்தப் படம், எந்தப் பொருள், எத்தனை பிரதி, எவ்வளவு காலம், எந்த நாடுகள், எவ்வளவு தொகை, ஓவியர் பெயர் எங்கே வரும் என்பவை இருக்கட்டும். வாரிசுகள் பலரானால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படத்துக்கு 31ஏ பிரிவின்கீழ் கட்டாய உரிமம் கேட்கலாம். நாடெங்கும் பரவலாக வரும் ஆங்கில நாளிதழில் முன்கூட்டியே விளம்பரம் கொடுத்து, பிறகு வணிக நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். ஆயிரம் டைரி அடிக்கும் சிறு அச்சகத்துக்குக் கட்டுப்படியாகாது; வேறு படத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பொதுவுடைமையான பின்னும் சில வேலிகள் உண்டு. 57ஆம் பிரிவு படைத்தவரின் பெயரையும் படைப்பின் மதிப்பையும் காக்கிறது. சிதைப்புக்கு எதிரான உரிமை பதிப்புரிமைக் காலத்துக்குள் மட்டும் என்றிருந்த சொற்களை 2012 திருத்தம் எடுத்துவிட்டது. ஓவியரின் பெயரை அழித்தோ அவருக்கு இழிவு வரும்படி உருமாற்றியோ விற்றால் வாரிசுகள் வழக்குத் தொடரலாம். 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் காந்தி, நேரு உருவங்களை மத்திய அரசின் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் உள்ள, எந்தச் சரக்கையும் விளம்பரப்படுத்தாத காலண்டருக்கு மட்டும் விலக்கு. ஒரு பழைய தீப்பெட்டிப் படமோ ஊதுபத்தி லேபிளோ இன்னும் பதிவு பெற்ற வணிகக் குறியாக இருக்கலாம். அதே வகைச் சரக்கின் மேல் அதைப் போடும் முன் வணிகக் குறிப் பதிவேட்டில் தேடுங்கள். அந்தத் தேடலுக்குக் கட்டணம் இல்லை.

இணைய வழியாக வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அமெரிக்காவில், இங்கே பேசும் பழைய படங்களுக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 95 ஆண்டு. 1928இல் வெளியானது 2023 முடிவில் விடுபட்டது. படம் பிறந்த நாட்டில் உரிமைக் காலம் குறைவாக இருந்தால் அதையே ஏற்கும் விதியை அந்த நாடு பின்பற்றுவதில்லை. 1950இல் மறைந்த ஓவியரின் 1940ஆம் ஆண்டு அட்டைப்படம் இந்தியாவில் 2011 முதல் பொது. அமெரிக்காவிலோ, 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை உயிரோடு இருந்த காரணத்தால், 2035 முடியும்வரை காக்கப்படுகிறது. இலங்கையில் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு, மலேசியாவில் 50 ஆண்டு. பொருள் எங்கே போகிறதோ அந்த நாட்டுக் கணக்கைப் போட வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: மூலத்தின் தலைப்புப் பக்கமும் அச்சு விவரமும், கையொப்பத்தின் பெரிதாக்கிய படம், ஓவியரின் மறைவு ஆண்டுக்கு ஆதாரம், பதிவிறக்கிய பக்கத்தின் உரிம வாசகம் தேதியோடு. மீறல் நிரூபணமானால் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மறுபுறம், உரிமையே இல்லாதவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டினால், 60ஆம் பிரிவின்படி நீங்களே நீதிமன்றம் சென்று தடையும் இழப்பீடும் கேட்கலாம். நோட்டீஸ் வந்ததும் பயந்து பணம் அனுப்பாமல், எந்தப் படைப்பு, யார் படைத்தது, எந்த ஆண்டு, உரிமை எப்படித் தங்களுக்கு வந்தது என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய படங்களை வெளியிடும்போது ‘கோப்புப் படம்’, ‘நன்றி: இணையம்’ என்று போடும் வழக்கத்தை விட்டு, வரைந்தவர் அல்லது எடுத்தவர் பெயர், முதலில் வெளியான இதழ், ஆண்டு மூன்றையும் அடியில் தாருங்கள். தெரியாதபோது தெரியவில்லை என்றே அச்சிட்டு வாசகர்களிடம் கேளுங்கள். ஓவியர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் வாசகர்களில் இருக்கிறார்கள். மறைவு ஆண்டும் கையொப்ப அடையாளமும் பெரும்பாலும் அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இப்படிக்கு,
பழைய அச்சுப் படங்களைத் தொகுத்துப் பதிப்பிக்கும் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்